மெருகும் இருப்பும்

கார் வண்ணப்பூச்சின் மீது நேர் வெயிலோ குவிந்த விளக்கொளியோ படும்போது, ஒளி விழும் இடத்தைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரியும் நுண்கீறல்களைப் பாலிஷ் தொழிலில் ‘சுவர்ல் மார்க்’ என்பர். வளையமாகத் தெரிந்தாலும் இவை வட்டமாக விழுந்த கீறல்கள் அல்ல. எல்லாத் திசைகளிலும் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கீறல்களுள், ஒளி வரும் திசைக்குக் குறுக்காகக் கிடப்பவை மட்டுமே ஒளியைப் பார்ப்பவரின் கண்ணுக்குத் திருப்புவதால், மற்றவை மறைந்து அவை மட்டும் புலப்படுகின்றன. பல ஆண்டுகள் நார் போட்டுத் தேய்க்கப்பட்ட எவர்சில்வர் தட்டில் விளக்கைச் சுற்றித் தெரியும் வளையங்களும் இவ்வகையினவே. விளக்கை நகர்த்தினால் வளையங்களும் உடன் நகரும். வெள்ளை, வெள்ளி நிறக் கார்களில் இவை எளிதில் கண்ணில் படுவதில்லை. கறுப்பிலும் கருநீலத்திலுமோ நிறமே செத்துப்போனது போன்ற ஒரு சாம்பல் மூட்டமாகப் படிந்து நிற்கின்றன.

இன்றைய காரின் தகட்டின் மீது, துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, மேடுபள்ளம் நிரவும் பிரைமர், நிறம் தரும் பேஸ் கோட், அனைத்துக்கும் மேலாக நிறமற்ற கிளியர் கோட் என்னும் அடுக்குகள் உள்ளன. நான்கும் சேர்ந்து பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வரையே இருக்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இவற்றுள் கிளியர் கோட்டின் பங்கு பெரும்பாலும் 40, 50 மைக்ரானை ஒட்டியது, அதாவது தலைமயிரின் தடிமனைவிடக் குறைவு. பளபளப்பும் கீறலும் இந்த அடுக்கில்தான் நிகழ்கின்றன. புறஊதாக் கதிரை உறிஞ்சி அடியிலுள்ள நிறத்தைக் காக்கும் வேதிப்பொருள்களும் இதிலேயே கலந்துள்ளன. கட்டிங் பாலிஷ் என்பது கீறலை நிரப்பும் வேலையன்று. கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள பரப்பையே தேய்த்து இறக்கும் வேலை. ஆகவே ஒவ்வொரு பாலிஷும் காரின் மேல் உள்ள ஒரு சிறிய இருப்பிலிருந்து எடுக்கப்படும் செலவு.

பழைய பெயிண்டர்களுக்கு இந்தச் செலவு கண்ணுக்குத் தெரிந்தது. 1920களில் அமெரிக்காவின் டியூபான்ட் நிறுவனம் கொண்டுவந்த டியூகோ என்னும் விரைவில் உலரும் பூச்சின் பெயர், நம் பட்டறைகளில் ‘டூக்கோ’ என்று திரிந்து, தெளித்து அடிக்கும் பூச்சுக்கே பொதுப்பெயராயிற்று. அக்காலப் பூச்சில் தனி மேலடுக்கு கிடையாது; நிறமே மேற்பரப்பு. ரப்பிங் காம்பவுண்டைத் துணியில் தொட்டு அம்பாசடரின் கதவைத் தேய்த்தால் துணியில் காரின் நிறம் ஏறும், எவ்வளவு ஏறுகிறது என்பதைக் கொண்டே கை நிறுத்தப்படும். கிளியர் கோட் வந்தபின் துணியும் பேடும் வெள்ளையாகவே இருக்கின்றன. எவ்வளவு போயிற்று என்று கண்ணுக்குச் சொல்ல எதுவும் இல்லை. கிளியர் கோட் முற்றிலும் தீர்ந்து நிறம் பேடில் ஒட்டும் கணத்தில்தான் அது தெரியவருகிறது, அதற்குமேல் பெயிண்ட் அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

சென்னையில் அண்ணாசாலையிலிருந்து பிரியும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, வழக்கில் ஜி.பி. ரோடு, கார் உதிரிப்பொருள்களுக்கும் அலங்காரப் பொருள்களுக்கும் பெயர் பெற்றது. இத்தகைய சந்தையை ஒட்டிய ஒரு பாலிஷ் பட்டறையில், ஐந்தாறு ஆண்டு ஓடிய கறுப்பு நிறக் காரின் பானட் மீது நடக்கும் வேலையைக் கவனித்தால், மெஷினைக் கையில் எடுப்பதற்கு முன்னுள்ள வேலையே நீண்டது என்பது புலனாகும். முதலில் காரைக் கழுவி, பிசுபிசுப்பான களிமண் போன்ற ‘கிளே பார்’ கட்டியைச் சோப்பு நீரில் வழுக்கவிட்டு, கழுவினாலும் போகாத இரும்புத்தூளும் மரப்பிசினும் அகற்றப்படுகின்றன. அடுத்து, அளவுமானியைத் தகட்டில் வைத்து ஒவ்வொரு பாகத்தின் தடிமனும் பார்க்கப்படுகிறது. ஒரு கதவு மட்டும் 300 மைக்ரானுக்கு மேல் காட்டினால் அது மறுபடி பெயிண்ட் அடிக்கப்பட்டது என்றும், ஆயிரத்தைத் தாண்டினால் அடியில் பட்டி பார்த்திருக்கிறார்கள் என்றும் தொழிலாளி புரிந்துகொள்கிறார். பிளாஸ்டிக் பம்பரில் இந்த மானி பேசாது. அங்கே அனுபவம்தான் அளவு.

பின்னர் பானட்டின் விளிம்புகளிலும் மடிப்புக் கோடுகளிலும் மாஸ்க்கிங் டேப் ஒட்டப்படுகிறது. ஈரமாக இருக்கும்போதே பூச்சு கூர்மையான விளிம்பிலிருந்து விலகி இழுத்துக்கொள்வதால் அங்கே அடுக்கு மெலிந்திருக்கும். ‘ஓரத்துல அழுத்தாதடா, பெயிண்ட் எகிறிடும்’ என்று மூத்தவர் உதவியாளை அதட்டுவது இதனால்தான். இரண்டடிக்கு இரண்டடி இடத்தில், மென்மையான ஃபோம் பேடும் நயமான பாலிஷும் கொண்டு முதற்சோதனை செய்யப்படுகிறது. கீறல் போகாவிட்டால் மட்டுமே ஒரு படி கரடான காம்பவுண்டுக்கு ஏறுவது முறை. நேர்மாறாகக் கம்பளிப் பேடிலும் கரடான காம்பவுண்டிலும் தொடங்கும் பட்டறைகளும் உண்டு, வேலை சீக்கிரம் முடியும் என்பது அவர்கள் கணக்கு.

மெஷினில் இருவகை உண்டு. ரோட்டரி ஒரே அச்சில் சுழல்வது. வேகமாக வெட்டும், ஓரிடத்தில் நின்றால் பூச்சைச் சுட்டுவிடும், பழகாத கையில் ‘ஹோலோகிராம்’ எனப்படும் நிழல்போன்ற தடங்களை விட்டுச்செல்லும். டூயல் ஆக்ஷன் மெஷினில் பேட் சுழல்வதோடு அச்சை விலகியும் ஊசலாடுவதால் சூடு குறைவு, தடமும் அரிது. ஆனால் மிகுதியாக அழுத்தினால் அதன் சுழற்சி நின்று வெறும் அதிர்வே எஞ்சும். இதைக் கண்டுகொள்ளத் தொழிலாளர் பேடைத் தாங்கும் தட்டின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு இழுத்துவைக்கின்றனர். கோடு கண்ணில் பிடிபடும்படி நின்றால் கை தளர்த்தப்படுகிறது. பேடில் நான்கு பொட்டு காம்பவுண்ட் வைத்து, மெஷினை ஓட்டுமுன் பரப்பில் ஒற்றியெடுத்து, முதலில் நெடுக்காகவும் பின்னர் குறுக்காகவும் மெதுவாக நகர்த்தி, மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, விளக்கைச் சாய்த்துப் பார்க்கும்போது, டேப்பின் ஒரு பக்கம் சாம்பல் மூட்டமும் மறுபக்கம் ஆழ்ந்த கறுப்பும் தெரிகின்றன.

எனினும் அந்தக் கறுப்பை உடனே நம்புவது பேதைமை. பல பாலிஷ்களில் உள்ள எண்ணெயும் நிரப்பிகளும் கீறலுக்குள் புகுந்து அதை மறைத்துவிடும். சில கழுவல்களில் அவை கரைந்ததும் கீறல் அப்படியே திரும்பும். ஆகவே நேர்மையான பட்டறையில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை நீரில் கலந்து துடைத்தபின்னரே விளக்கடியில் முடிவு பார்க்கப்படுகிறது. இந்தத் துடைப்பை வாடிக்கையாளர் கேட்பதில்லை. டெலிவரி எடுக்கும் மாலையில் இரண்டு கார்களும் ஒன்றுபோலவே பளபளப்பதால், நிரப்பி மறைத்தவருக்கும் நாள் முழுதும் நின்று வெட்டியவருக்கும் சந்தை ஏறத்தாழ ஒரே விலையைத் தருகிறது. இது இத்தொழிலின் பெரிய அநீதி. மேலும், ஆழமான ஒரு கீறலை முழுமையாக எடுக்காமல் அதன் விளிம்பை மட்டும் மழுக்கி விட்டுவிடுவதே பெரும்பாலும் சரியான முடிவு. நகம் பட்டுத் தடுக்கும் கீறலைத் துரத்தினால் கிளியர் கோட் தாங்காது. அப்படி விட்டவரைத்தான் ‘வேலை சுத்தமில்லை’ என்று உரிமையாளர் குறைகூறுகிறார்.

இந்த வேலையின் விலையை உடலும் தருகிறது. மெஷினின் அதிர்வு விரல்களிலும் முன்கையிலும் இறங்கி மரத்துப்போகச் செய்கிறது. காய்ந்த காம்பவுண்ட் தூள் இமையிலும் மூக்கிலும் வெள்ளையாகப் படிகிறது. முகக்கவசம் பல வேளைகளில் தாடைக்குக் கீழேதான் தொங்குகிறது. பேடும் காம்பவுண்டும் எங்கிருந்து இறக்குமதியாயின என்று விளம்பரத்தில் வருகிறது, அவற்றைப் பிடிக்கும் கையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

கீறல் தோன்றும் இடமோ பட்டறைக்கு வெளியே உள்ளது. கவனிப்பாரற்ற கார் என்றால் மாதக்கணக்கில் கழுவாத காரே நினைவுக்கு வரும். சுவர்ல் மார்க்கைப் பொறுத்தவரை நாள்தோறும் துடைக்கப்படும் காரே மோசமான நிலையில் உள்ளது. தெருத் தூசியிலுள்ள மணற்துகள் கிளியர் கோட்டைவிடக் கடினமானது. காய்ந்த துணியால் தட்டித் துடைக்கும்போது உப்புத்தாளின் வேலையை அதுவே செய்கிறது. சோப்பு நீருக்கு ஒரு வாளி, துணியை அலச வேறொரு வாளி என இரண்டு வைத்துக் கழுவினால் பெரும்பகுதிக் கீறலைத் தவிர்க்கலாம் என்று பாலிஷ்காரர்கள் சலிக்காமல் சொல்கின்றனர். அடுக்குமாடிக் குடியிருப்பின் விடியற்காலையில், காருக்கு இவ்வளவு என்று மாதக்கூலி பேசி வரிசையாகப் பல கார்களைத் துடைப்பவரிடம் இருப்பது ஒரே வாளி, ஒரே துணி. இரண்டாவது வாளியையும் சில நல்ல துணிகளையும் வாங்கித்தர வேண்டியவர் காரின் உரிமையாளரே. ஒருமுறை கட்டிங் பாலிஷுக்குக் கொடுக்கும் பணத்தில் சிறு பங்கே அதற்குப் போதும்.