ஈயமூக்கு

பாட்டாவின் வெற்றிலைச் செல்லத்தில், பாக்குவெட்டிக்கு அடியில், ஒரு ஈயத்துண்டு கிடந்தது. பாதி விரிந்த காளானின் உருவம். விளிம்பில் செம்புத் தகடு இதழ் இதழாகக் கிழிந்து பின்னால் மடிந்திருந்தது. அவர் சாவுக்குப் பின் என்னிடம் வந்து சேர்ந்தது இது ஒன்றுதான். செல்லத்தை அத்தை எடுத்துக்கொண்டாள்.

1960களில் பாட்டா கீரிப்பாறைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கணக்குப்பிள்ளை. தோட்டத்துக்கு உரிமம் பெற்ற ரைபிள் ஒன்று இருந்தது. இஷாப்பூரில் செய்த .315. ராணுவத்தின் .303ஐ சாதாரண மனிதன் வைத்துக்கொள்ளக் கூடாது என்ற வெள்ளைக்காரன் காலத்துத் தடையால் புழக்கத்துக்கு வந்த அளவு. மிளா இறங்கும் நாட்களில் அது பாட்டாவின் கைக்கு வரும். வேட்டையைப் பற்றிச் சொல்லும்போது அவர் தீரத்தைப் பற்றிச் சொன்னதில்லை. தோட்டாவைப் பற்றியே சொல்வார்.

இரண்டு வகை. ஈயத்தின் மேல் முனைவரை உறை போர்த்தியது ஒன்று. முனையில் ஈயம் வெளித்தெரிய விட்டது மற்றது. இதை ஈயமூக்கு என்பார். உறை போர்த்தியது வடிவம் குலையாமல் உடலைக் கடந்து மறுபுறம் போய்விடும். துளை சிறியது. ரத்தத் தடமும் அதிகம் இராது. 200 கிலோவுக்கு மேல் நிற்கும் கொம்பன் அந்தத் துளையோடு ஒரு மலைச்சரிவைத் தாண்டிப் போகும். ஈயமூக்கோ உள்ளே விரிகிறது. தன் வேகத்தை அந்த உடலிலேயே செலவழிக்கிறது. அதிலும் கணக்கு உண்டு. எடை குறைந்து வேகம் மிகுந்த குண்டு தோள் எலும்பில் பட்டுச் சிதறி மேல்சதையோடு நின்றுவிடும். விரியவும் வேண்டும், உடையவும் கூடாது. இருதயமும் நுரையீரலும் இருக்கும் இடத்தில், முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே, வைக்கத் தெரியாதவனுக்கு எந்தத் தோட்டாவும் உதவாது.

ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்த திமிரில் ஒருநாள் அவருக்குப் புறநானூற்றின் 152ஆம் பாட்டைச் சொன்னேன். வன்பரணர் பாடியது. வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானையைக் கொன்று, புலி, மான், பன்றி என்று ஊடுருவி, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. பாட்டா முழுக்கக் கேட்டுவிட்டு, "அது புலவன் விட்ட அம்புடே மக்கா" என்றார். "நாம விட்டா அஞ்சும் ஓடிப்போயிருக்கும். பொறத்தால ஆரு போவா?"

இந்த ஈயமூக்கின் சரித்திரம் பாட்டாவுக்குத் தெரியாது. கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதசாலையில் 1890களில் உருவானது அது. வடமேற்கு எல்லைச் சண்டைகளில் உறை போர்த்திய குண்டு பட்டும் ஆட்கள் விழாமல் வந்துகொண்டிருந்தார்கள் என்பது காரணம். 1899இல் ஹேக் மாநாடு இதைப் போரில் விலக்கியபோது பிரிட்டன் எதிர்த்தது. நாகரிகமடைந்த சிப்பாய் அடிபட்டால் விழுவான், காட்டுமிராண்டி விழமாட்டான் என்று அதன் பிரதிநிதி ஆர்டா வாதாடினார். 1907இல்தான் பிரிட்டன் இணங்கியது. அதே தேசத்தின் 1991ஆம் வருஷத்து மான் சட்டம், மானை ரைபிளால் சுடுவதானால் விரியும் குண்டால்தான் சுட வேண்டும் என்கிறது. மனிதனுக்குக் குரூரம் என்று தள்ளியது மானுக்குக் கருணை. இங்கோ 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991இன் திருத்தம் உரிமம் பெற்று வேட்டையாடும் வழியையும் அடைத்தது. அதற்கு வெகுகாலம் முன்பே பாட்டா மலையிறங்கிவிட்டிருந்தார்.

ஒருமுறை ஈயமூக்கு தீர்ந்துபோய், உறை போர்த்தியதையே போட்டுச் சுட்டார். மிளா திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். தவறிவிட்டது என்றார்கள் கூட இருந்தவர்கள். ஒரு இலையில் மட்டும் துளி ரத்தம். இருட்டும் வரை போனார். மறுநாளும் போனார். மூன்றாம் நாள் நாற்றம் வழிகாட்டியது. ஓடைக்கரையில், தண்ணீருக்கு ஒரு முழம் இப்பால் கிடந்தது. அதற்குப் பின்னும் அவர் வேட்டையை விடவில்லை. அந்தத் தோட்டாவைத் தொடவில்லை, அவ்வளவுதான். இதை எனக்குச் சொன்னபோது, தண்ணீருக்கும் அதற்கும் இருந்த தூரத்தைத் திண்ணையில் கையால் அளந்து காட்டினார்.

பத்து வருஷங்களுக்கு முன் ஒரு நண்பனின் முதல் கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதினேன். கண்ணியமான மதிப்புரை. ஒரு வார்த்தை தடிக்கவில்லை. உழைப்பைப் பாராட்டி, வாசிப்பைப் பாராட்டி, கடைசி வாக்கியத்தில், இவை கவிதைகளாக ஆக விரும்பும் வரிகள் என்றேன். நிதானமான விமர்சனம் என்று நாலைந்து பேர் கடிதம் எழுதினார்கள். நண்பனும் நன்றி சொன்னான். அதற்குப்பின் அவன் எழுதவில்லை. எந்த வரி ஏன் நிற்கவில்லை என்று அவன் கவிதைக்குள் இறங்கிச் சண்டை போட்டிருந்தால் அவனும் திருப்பிச் சண்டை போட்டிருப்பான். நான் அவனைக் கடந்து போய்விட்டேன்.

இந்த உவமை சௌகரியமாக இருக்கிறது. அதனாலேயே எனக்கு அதில் சந்தேகம். கவிஞன் மிளா அல்ல, அவனைக் கொல்வது என் தொழிலும் அல்ல. பாட்டாவின் தராசில் நான் நிற்கத் தகுதியற்றுப்போவது தோட்டா விஷயத்தில்கூட அல்ல. அவர் மூன்று நாள் பின்னால் போனார்.

நண்பன் மாதம் ஒருமுறை என் கௌண்ட்டருக்கு வருகிறான். போன மாதம் பணத்தை எண்ணி வைத்துவிட்டு, "ஏதாவது எழுதுகிறாயா?" என்று கேட்டேன். அவன் செலானிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இன்றைக்குத் தேதி பதினாலுதானே?" என்றான்.