கிழக்கு ஜன்னல்

ராயபுரத்துப் பழைய வீடுகள் பலவற்றைப் போல எங்கள் வீட்டிலும் சமையலறை பின்கட்டில்தான். தேக்கு உத்தரங்களின் மேல் சிறு செங்கற்களை விளிம்பில் நிறுத்தி அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை, கனத்த சுவர், கிழக்கே ஒரு ஜன்னல். துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதுவும் குவிந்திருந்த காலத்தில், கடற்காற்றோடு வந்த கரித்தூள் மாவிலும் பாலிலும் படிந்தது. அம்மா ஒருநாள் ஜன்னலுக்குத் தகரம் அடிக்கச் சொல்லிவிட்டார். அதன்பின் பகலிலும் குழல்விளக்கில்தான் சமையல்.

உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2011 அக்டோபரில் சென்னைத் துறைமுகம் அவற்றைக் கையாள்வது நின்றது. நிலக்கரி எண்ணூருக்குப் போயிற்று; அனல்மின் நிலையச் சாம்பலை ஏற்கெனவே சுமந்துகொண்டிருந்த ஊர் அது. இங்கே தூசு குறைந்தது என்று முழுமனதாக மகிழ முடியவில்லை. எங்கள் தகரமும் அப்படியே கிடந்தது.

சென்ற ஆண்டு சமையலறையைப் புதுப்பித்தோம். மேஸ்திரியின் கணக்கில் ஜன்னல் நிரந்தரமாக அடைபட்டு அலமாரியாகியது. தம்பிக்கு அது பிடித்திருந்தது. அம்மா ஒப்பவில்லை.

"அலமாரிய எங்க வேணா வெச்சுக்க மேஸ்திரி. அரிசில கல்லு பாக்க எனக்கு வெளிச்சம் வேணும்."

"உப்புக்காத்தும்மா, கம்பியெல்லாம் துரு புடிச்சிடும்."

"புடிச்சா பெயிண்ட் அடிச்சிக்கலாம்."

அடுத்த சச்சரவு சுவரைப் பற்றியது. அடிப்பகுதி உவரேறிப் பொரிந்திருந்தது. செங்கல்லின் நுண்துளைகள் வழியே ஏறும் ஈரம் உப்பையும் கூட்டிவருகிறது. சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் உள்ளேயே அடைக்கும், ஈரம் இன்னும் மேலேறி வேறிடத்தில் வெடிக்கும். சுண்ணாம்பு வேலை தெரிந்தவரைத் தேடிப் பிடிக்க மூன்று வாரமாயிற்று. வந்த பெரியவர் சுண்ணாம்பு ஊற வேண்டும் என்று மேலும் நாட்கள் கேட்டார். அதுவரை கூடத்தில் ஒற்றை அடுப்பு. தம்பி சலித்துக்கொண்டான், அதில் நியாயமும் இருந்தது.

அம்மியை வைத்துக்கொள்ளலாமே என்று நான்தான் உருகினேன். அரைத்த கைகள் அம்மாவுடையவை. தூக்கிக் கொடுத்துவிடச் சொன்னார்.

தகரத்தைப் பெயர்த்தபோது சட்டத்தின் இடுக்கில் ஒரு பிடி கரித்தூள் இருந்தது. தண்ணீர் விட்டுக் கழுவக் கழுவக் கறுப்பு வழிந்தது. இப்போது அங்கே கொசுவலை போட்டிருக்கிறோம். வாரம் ஒருமுறை அதையும் கழுவ வேண்டியிருக்கிறது. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் புழுதி.