பிரேக் பிடிக்காத காரும் கிரைண்டர் பணமும்

"உங்க வீட்டு வாசல்ல நிக்கறது லான்சர் காரா?" என்று பால்காரர் முதற்கொண்டு எங்கள் தெருவில் கேட்காத ஆள் கிடையாது. ஆமாம், லான்சர்தான். ஆனால் நாங்கள் ஒன்றும் பெரிய பணக்காரர்கள் இல்லை. திருவண்ணாமலையில் தேரடி வீதிப் பக்கம் இவருக்கு ஒரு சின்னப் பாத்திரக்கடை, அவ்வளவுதான். சென்னையில் இருந்த என் மூத்த மைத்துனர், அமெரிக்காவில் மகனோடு தங்கிவிடுவது என்று முடிவு செய்தபோது, "கண்டவனுக்கு விக்க மனசு வரலைடா. நீயே வெச்சுக்கோ" என்று தம்பியிடம் எழுபதாயிரத்துக்குத் தள்ளிவிட்டுப் போன வண்டி அது. 2004-ம் வருஷத்து மாடல். பெட்ரோல்.

ஒரு காலத்தில் அது பெரிய இடத்துக் கார். அம்பாசிடர் செய்த அதே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், ஜப்பான் மிட்சுபிஷியோடு சேர்ந்து 1998-ல் நம் திருவள்ளூரில் இதைச் செய்ய ஆரம்பித்தது. லான்சர் என்ற பெயர் கொண்ட பந்தயக் காரில்தான் டாமி மாக்கினன் என்ற பின்லாந்துக்காரர் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு வருஷம் உலக ராலி சாம்பியன் ஆனாராம். பாலிடெக்னிக் படிக்கும் என் மகன் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் இதைச் சொல்லுவான். "அதுவும் இதுவும் ஒண்ணாடா?" என்றால், "பேரு ஒண்ணும்மா" என்பான்.

இனி நான் செய்த தப்பைச் சொல்கிறேன். மூடி வைப்பதில் யாருக்கும் லாபம் இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மெக்கானிக் பாய் வண்டியைப் பார்த்துவிட்டு, "அக்கா, முன் சக்கரத்துக்குப் புது பிரேக் பேட் போடணும், பிரேக் ஆயிலும் மாத்தணும். நல்ல பேடா வாங்கிக் குடுத்துடுங்க" என்றார். வீட்டில் கணக்கு நோட்டு என் கையில். பெண்ணுக்கு வளைகாப்புச் செலவு காத்துக்கொண்டிருந்த நேரம். "ஆயில் குறையாமத்தானே இருக்கு, அப்புறம் பார்க்கலாம் பாய்" என்று தட்டிக் கழித்தேன். பேடும் பேர் தெரியாத ஒரு அட்டைப் பெட்டியில் வந்தது, அறுநூறு ரூபாய்க்கு. ஆயிரத்து ஐந்நூறு மிச்சம் பிடித்துவிட்டேன் என்று அன்று ராத்திரி எனக்கு நல்ல தூக்கம் வேறே.

பிரசவத்துக்கு வந்த பெண், குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை எங்களோடு இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "வீட்டுக்குள்ளேயே அடைஞ்சு கிடக்கேம்மா" என்றாள். சரியென்று ஜவ்வாது மலைக்குக் கிளம்பினோம். ஜமுனாமரத்தூரில் சாப்பாடு, பீமன் நீர்வீழ்ச்சியைத் தூரத்திலிருந்து ஒரு பார்வை, சாமை அரிசி இரண்டு கிலோ, கொஞ்சம் தேன். எல்லாம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

போளூர் பக்கம் இறங்கும்போது ஒரு வாடை வந்தது. அடுப்பில் துணி கருகுகிற மாதிரி. "ரோட்டோரம் யாரோ குப்பை கொளுத்தறாங்க" என்று நானே சொன்னேன். இரண்டு வளைவு தாண்டியும் வாடை போகவில்லை. அப்போது இவர் முகத்தைப் பார்த்தேன். உதடு வெளுத்திருந்தது. கால் பிரேக்கை அழுத்துகிறது, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது, வண்டி நிற்கவில்லை. இவர் ஒன்றும் பேசவில்லை. கியரை மூன்றுக்குக் கொண்டுவந்து, பிறகு இரண்டுக்கு. என்ஜின் அலறியது. ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைச்சுவர் பக்கமாக ஒதுக்கி, ஒரு மண்மேட்டில் முட்டி நிறுத்தினார். எதிர்ப்பக்கம் பள்ளம். பின் சீட்டில் என் பெண் குழந்தையை மார்போடு இறுக்கிப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அந்த அமளியிலும் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்தோம். சூடு ஆறியதும் பெடல் பழையபடி கெட்டியாக வந்துவிட்டது. அதை நம்பாமல் முதல் கியரிலேயே ஊர்ந்து கீழே இறங்கினோம். வீட்டுக்கு வந்து நான் பூஜை அறைக்குக்கூடப் போகவில்லை. கணக்கு நோட்டை எடுத்து அந்த அறுநூறு ரூபாய் எழுதிய பக்கத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாளே, "வித்துத் தொலைச்சிடுங்க" என்று ஆளாளுக்கு யோசனை. பழைய இரும்புக்காரர் வந்து பார்த்து ஒரு விலை சொன்னார். அதை இங்கே எழுதினால் என் மைத்துனர் வருத்தப்படுவார். சென்னையில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் போனில் கேட்டதற்கு, எல்லாம் செட்டு செட்டாக மாற்ற வேண்டும், 41,000 ரூபாய் ஆகும், சாமான் வர ஒன்றரை மாதம் என்றார்கள். இந்தியாவில் மிட்சுபிஷி கார் விற்பனையே இப்போது இல்லை, அதனால் அப்படித்தான் என்றும் சொன்னார்கள். இவர் வண்டிக்குத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. என் தவறால் மூடின வண்டி. பாயிடம் போய், "என்ன போச்சு, என்ன போகலைன்னு ஒண்ணொண்ணாக் காட்டுங்க. கண்ணால பார்க்கணும்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே நாலு சக்கரத்தையும் கழற்றிவிட்டார்.

அன்று நான் கற்றுக்கொண்டது, இத்தனை வருஷம் காரில் ஏறி இறங்கியும் தெரியாதது. முன் சக்கரத்தில் தோசைக்கல் மாதிரி ஒரு இரும்பு வட்டு சுற்றுகிறது, அதுதான் டிஸ்க். பிரேக்கை அழுத்தினால் இரண்டு பேடும் இரண்டு பக்கமும் அதைக் கவ்விப் பிடிக்கும். பின் சக்கரத்தில் டிரம். அதற்குள்ளே பிறை வடிவில் இரண்டு ஷூ அகன்று உள்சுவரில் உரசும். நம் கால் அழுத்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது குழாயில் இருக்கும் பிரேக் ஆயில். எண்ணெய் அமுங்காது, அதனால்தான் அழுத்தம் அப்படியே போய்ச் சேருகிறது.

இந்த ஆயிலுக்கு ஒரு குணம். ஐப்பசி மழையில் உப்பு ஜாடியைத் திறந்து வைத்தால் என்ன ஆகும்? அதே மாதிரி இது காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். டாட் 4 என்று டின்னில் போட்டிருக்கும் ஆயில் புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிவிட்டால் 155 டிகிரி தாங்கினாலே போதும் என்றுதான் கணக்கு. டாட் 3 என்றால் இன்னும் குறைவு: 205, 140. எங்கள் வண்டியில் இருந்தது காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் கறுத்துப் போயிருந்தது. மலை இறக்கத்தில் சூடேறிக் கொதித்து ஆவியாகியிருக்கிறது. ஆவி அமுங்கும் அல்லவா? அதுதான் அந்தப் பஞ்சு. ஆறினதும் ஆவி அடங்கிப் பெடல் கெட்டியாகிவிட்டது. "அளவு குறையலைன்னு பார்த்தீங்களேக்கா, நிறத்தைப் பார்க்கலியே" என்றார் பாய். சமையலறையில் இத்தனை எண்ணெய் பார்க்கிறவளுக்கு இது தோன்றவில்லை பாருங்கள்.

அறுநூறு ரூபாய்ப் பேடு கண்ணாடி மாதிரி வழவழவென்று வெந்து, ஓரத்தில் பொடிந்திருந்தது. இடது பக்கம் பேடைத் தாங்கும் காலிப்பரின் பின் கிரீஸ் காய்ந்து இறுகிவிட்டதால், காலை எடுத்த பிறகும் பேடு டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டே வந்திருக்கிறது. பின்னால் ஒரு வீல் சிலிண்டர் கசிந்து, பின் பிரேக் பாதிதான் வேலை செய்தது. முன் பிரேக்குக்கே முழு பாரம். டிஸ்க்கின் மேலேயே குறைந்தபட்ச கனம் இவ்வளவு என்று பொறித்திருக்கிறது. வெர்னியர் வைத்து அளந்தால் அதற்கும் கீழே தேய்ந்திருந்தது. லேத்தில் கொடுத்துச் சமன் செய்ய இடமில்லை. டிரம்முக்கு மட்டும் அந்த இடம் இருந்தது. பெரிய சிலிண்டர், பூஸ்டர், இரும்புக் குழாய்கள் எல்லாம் நன்றாக இருந்தன. ஆக, 41,000 ரூபாய்க்கு மாற்றச் சொன்னதில் பாதிக்கு மேல் மாற்ற வேண்டியதே இல்லை!

நானும் மகனும் விடியற்காலை பஸ்ஸில் செஞ்சி, திண்டிவனம் வழியாகக் கிளாம்பாக்கம் போய், அங்கிருந்து மாநகர பஸ் பிடித்தோம். பையில் பழைய பேடு, பழைய ஹோஸ், டிஸ்க்கின் அளவு எழுதின சீட்டு, ஆர்.சி. நகல். பிளவுஸ் துணிக்கு மேட்சிங் பார்க்கப் போவதுபோல் சாம்பிள் எடுத்துப் போனதுதான் நான் செய்த ஒரே கெட்டிக்காரத்தனம். புதுப்பேட்டையில் சந்து சந்தாகக் கழற்றிய கார்கள். கதவு ஒரு பக்கம், கண்ணாடி ஒரு பக்கம். ஒருவர் பழைய லான்சர் டிஸ்க், பேடு எல்லாம் சேர்த்து 2,500-க்குத் தருகிறேன் என்றார். என் கை பர்சுக்குப் போய்விட்டது, பொய் சொல்வானேன். பாய் சொல்லி அனுப்பியது ஞாபகம் வந்தது: "விளக்கு, கதவு, கண்ணாடி பழசு வாங்கலாம். பேடு, ஹோஸ், ரப்பர் பழசு வாங்காதீங்க." அங்கிருந்து ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போனோம். பிரேக் சாமானில் நம் சென்னைக்குப் பழைய பேர் உண்டு. பிரேக்ஸ் இந்தியா 1962-ல் பாடியில் வந்தது, சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் 1974-ல். மூன்றாவது கடையில் பெரியவர் ஒருவர் சாம்பிளைக் கையில் வாங்கின மாத்திரத்தில், "திருவள்ளூர் வண்டியா?" என்றார். பெட்டியில் கம்பெனி விலாசம், பாட்ச் நம்பர், விலை அச்சு எல்லாம் பார்த்துத்தான் வாங்கினேன். பில்லும் கேட்டு வாங்கினேன்.

பேடு 2,150. டிஸ்க் ஜோடி 5,400. ஹோஸ் இரண்டு 1,100. வீல் சிலிண்டரை ஒரு பக்கம் மட்டும் மாற்றக் கூடாது, வண்டி ஒரு பக்கம் இழுக்கும் என்பதால் இரண்டும் சேர்த்து 1,300. காலிப்பர் ரப்பர் செட்டும் அதற்கென்றே உள்ள கிரீஸும் 650. ஆயில் ஒரு லிட்டர் 560. பின் ஷூ இரும்பு நன்றாக இருந்ததால் புது ஷூ வாங்காமல் ஊரிலேயே லைனிங் மட்டும் மாற்றினோம், 900. டிரம்முக்கு லேத் கூலி 400, பாய்க்கு 2,500, எங்கள் பஸ், சாப்பாடு 640. மொத்தம் 15,600. டில்டிங் கிரைண்டர் வாங்குவதற்காக நான் சீட்டுப் போட்டு எடுத்து வைத்திருந்தது சரியாகப் பதினாறாயிரம். இன்றைக்கும் பழைய கல்லில்தான் மாவு அரைக்கிறேன்.

பிரேக் பிரித்த தூளை வாயால் ஊதவோ காற்றுக்குழாய் வைத்து அடிக்கவோ கூடாது; பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கும், நுரையீரலுக்குக் கெடுதல். பாயின் பையன் ஊதப் போனபோது நான்தான் ஈரத்துணி கொடுத்தேன். மிஞ்சின ஆயிலையும் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. பார்க்க எண்ணெய் மாதிரியே இருக்கும், விஷம். குழந்தை தவழ்கிற வீடு. தவிர, ஒருமுறை திறந்த டின் ஈரம் குடித்துவிடும், திரும்ப ஊற்ற உதவாது.

கடைசி வேலை, குழாயிலிருந்து காற்றை வெளியேற்றுவது. அதற்கு இரண்டு பேர் வேண்டும். பையன் டீ வாங்கப் போயிருந்தான். "நான் உக்காரட்டுமா பாய்?" என்று டிரைவர் சீட்டில் ஏறினேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. வாழ்க்கையில் முதல் தடவை அந்தப் பக்கம் உட்கார்ந்தேன். வண்டிக்குக் கீழேயிருந்து பாயின் குரல் மட்டும் வருகிறது. "அழுத்துங்க... பிடிங்க... பிடிச்சுக்கிட்டே இருங்க... இப்ப விடுங்க." அவர் திருகைத் திறந்தால் பெடல் கீழே போகும், மூடின பிறகுதான் காலை எடுக்க வேண்டும். நடுவில் எடுத்துவிட்டால் காற்று மறுபடி உள்ளே போய்விடும். ஒரு சக்கரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை. முதலில் அதே பஞ்சு. அந்தப் பஞ்சு காலில் பட்டதும் எனக்கு மலை வளைவு ஞாபகம் வந்து வியர்த்துவிட்டது. மூன்றாவது சக்கரத்தில் கால் சற்றுக் கெட்டியாக ஏதோ உணர்ந்தது. நான்காவது முடிந்ததும் பெடல் கல் மாதிரி நின்றது. "நின்னுடுச்சு பாய்!" என்று கத்தினேன். ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

புது தோசைக்கல்லைப் பழக்குகிற மாதிரி புது பேடையும் பழக்க வேண்டுமாம். ஆளில்லாத விடியற்காலையில் ஐம்பது வேகத்தில் போய், முழுக்க நிறுத்தாமல் பத்துக்குக் குறைத்து, மறுபடி ஐம்பது. எட்டுப் பத்துத் தடவை. பிறகு நிற்காமல் மெதுவாக ஓட்டிச் சூட்டை ஆறவிட வேண்டும். பௌர்ணமி கிரிவலக் கூட்டமெல்லாம் கலைந்த பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை இவர் அதைச் செய்தார்.

அந்த வாரமே நாங்கள் இரண்டு பேர் மட்டும் மறுபடி ஜமுனாமரத்தூர் போனோம். பெண்ணையும் குழந்தையையும் வீட்டில் விட்டுவிட்டுத்தான். ஏறின கியரிலேயே இறங்க வேண்டும், காலைப் பிரேக் மேலேயே வைத்திருக்கக் கூடாது என்று பழைய லாரி டிரைவர்கள் சொல்வார்களாம். இவர் அப்படியே செய்தார். அந்த மண்மேட்டுப் பக்கத்தில் நானே நிறுத்தச் சொன்னேன். நின்றது. இறங்கிப் போய்ச் சக்கரத்தருகே மூக்கை வைத்துப் பார்த்தேன். வாடை இல்லை. "ரசத்துக்கு உப்பு பார்க்கிற மாதிரி பார்க்கறியே" என்றார் இவர். மலையிறங்கினதிலிருந்து அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

போன மாதம் பெண்ணை வாணியம்பாடியில் கொண்டுபோய் விட அதே காரில்தான் போனோம், செங்கம் வழியாக. பஸ்ஸில் போகிறேன் என்று சொல்வாளோ என்று எனக்கு உள்ளுக்குள் பயம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. டயாப்பர் பையைப் பின் சீட்டில் போட்டுவிட்டு ஏறிக்கொண்டாள்.

எங்கள் ஸ்டோர் ரூம் கதவின் உள்பக்கம் காஸ் சிலிண்டர் மாற்றின தேதிகளை எழுதி வைப்பது என் வழக்கம். அதற்குக் கீழே இப்போது இன்னொரு வரி சேர்ந்திருக்கிறது: "பிரேக் ஆயில், அடுத்த வருஷம் கழித்து வரும் தீபத்துக்கு முன்."