நடு ஸ்டாக்

போக்கர் டோர்னமென்ட்டில் பெரிய ஸ்டாக் வைத்திருப்பவனுக்கும் சின்ன ஸ்டாக் வைத்திருப்பவனுக்கும் பயம் குறைவு. ஒருத்தனுக்குப் போனாலும் மிச்சம் இருக்கு, இன்னொருத்தனுக்குப் போக ஒண்ணும் இல்ல. பயமெல்லாம் நடுவில் உட்கார்ந்திருக்கிற எங்களுக்குத்தான்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பிளைண்ட் 500-1000, ஆண்டி 1000. சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே மேசை நடுவில் 2500 கிடக்கிறது. என்னிடம் 25,000. எதுவுமே ஆடாமல் உட்கார்ந்திருந்தால் சுற்றுக்கு 2500 கரையும். பத்து சுற்றில் காலி. 1995 உலகத் தொடரின் முதன்மைப் போட்டியை வென்ற டான் ஹாரிங்டன் தன் புத்தகத்தில் இந்தப் பத்தை ‘எம்’ என்பார். பேக்கமன் மேதை பால் மாக்ரியலின் பெயரிலிருந்து வந்த எழுத்து அது. நிஜத்தில் பத்து சுற்றுகூடக் கிடைக்காது, பிளைண்ட் ஏறிக்கொண்டே இருக்கும். நல்ல சீட்டு வரட்டும் என்று காத்திருக்கலாமே என்பீர்கள். ஏஸ் ஜோடி சராசரியாக 221 கைக்கு ஒருமுறைதான் வரும். ஒன்பது பேர் மேசையில் பத்து சுற்று என்பது வெறும் 90 கை.

அதனால்தான் திருட்டு. எல்லோரும் ஃபோல்டு செய்து, பட்டனில் இருக்கிற என்னிடம் வரும்போது 2200க்கு ஏற்றுகிறேன். பின்னால் இரண்டே பேர். நூற்றுக்கு 47 தடவை அந்த இருவரும் விலகினாலே எனக்கு நஷ்டமில்லை. என் கையில் என்ன சீட்டு என்று இன்னும் சொல்லவேயில்லை, கவனித்தீர்களா?

யாரிடம் திருடுவது என்பதுதான் விஷயம். ஏழெட்டாயிரம் வைத்திருப்பவரிடம் கூடாது, அவர் கண்ணை மூடிக்கொண்டு ஆல்-இன் போவார். பெரிய ஸ்டாக்காரனிடமும் கூடாது, திருப்பி ஏற்றி என் மொத்த சிப்பையும் கேட்பான். மிச்சம் இருப்பது என்னைப் போலவே ஒருத்தர்.

லாஸ் வேகஸில் ஒரு கோடைகாலப் போட்டி. பரிசு வரிசைக்குள் நுழைய இன்னும் நாலு பேர் வெளியேற வேண்டும். இடப்பக்கம் இரண்டாவது நாற்காலியில் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த பணத்தில் கட்டிய என்ட்ரி என்று இடைவேளையில் சொன்னார். ஒவ்வொரு கைக்கும் சுவரில் இருந்த திரையை அண்ணாந்து பார்ப்பார், இன்னும் எத்தனை பேர் என்று. நான் திரையைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று சுற்று தொடர்ந்து அவருடைய பிளைண்டை எடுத்தேன். மூன்றாவது தடவை சீட்டைத் திருப்பிக் காட்டிவிட்டுப் போட்டார்: ஏஸ், பத்து. “இதை வச்சுக்கிட்டு நான் இப்ப என்ன பண்றது சொல்லுங்க,” என்று சிரித்தார்.

என்னிடம் இருந்தது ஒன்பதும் நாலும். காட்டவில்லை. காட்டினால் அடுத்த சுற்றுக்கு ஆகாது.

வலப்பக்கம் இரண்டாவது நாற்காலியில் ஹெட்ஃபோன் மாட்டிய ஒரு பையன், மலை மாதிரி சிப் வைத்திருந்தான். என் பிக் பிளைண்ட் வரும்போதெல்லாம் 2200. நானும் ஒரு தடவை ஏஸ்-ஒன்பதைப் போட்டேன். அவனும் காட்டவில்லை.

நாலாவது ஆள் வெளியேறியதும் கைதட்டல். பெரியவர் எழுந்து மேசையைச் சுற்றி எல்லோருக்கும் கை கொடுத்தார், எனக்குக் கொஞ்சம் அதிக நேரம். உட்காரும்போது பிளைண்ட் 600-1200 ஆகியிருந்தது. பட்டன் மறுபடி என்னிடம் வந்தது. எல்லோரும் ஃபோல்டு. பெரியவர் இப்போது திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

2600 என்றேன்.