மங்கிய ஒளியும் வீணன்று

நமது பங்கு இல்லத்து மேசையில் பழைய கால்குலேட்டர் ஒன்று உண்டு. காணிக்கைக் கணக்கைப் பல ஆண்டுகளாக அதில்தான் கூட்டி வருகிறோம். அதன் நெற்றியிலுள்ள சிறு சூரியக்கலம், மின்கலமேதுமின்றிக் குழல்விளக்கின் ஒளியிலேயே அதனை இயக்குகிறது. இதை ஒருமுறையேனும் எண்ணிப் பார்த்திருப்போமாயின், ஓர் இளைஞனின் உள்ளத்தைப் புண்படுத்தியிருக்க மாட்டோம்.

2018 நவம்பரில் கஜா புயல் நம் புதுக்கோட்டை மாவட்டத்தைப் புரட்டிப் போட்டு, ஊர்களை நாள்கணக்கில் இருளில் ஆழ்த்தியபோது அவன் பள்ளி மாணவன். பின்னர் வேதியியலில் முதுகலை முடித்து நம்மிடம் வந்தான். "அறை விளக்கின் ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்கும் பாலிமர் கலவைகளை ஆராய விரும்புகிறேன், சாமி. அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்றான். தந்தை வாசலில்தான் நின்றிருந்தார்.

"மின்சாரத்தால் விளக்கெரித்து, விளக்கிலிருந்து மறுபடி மின்சாரமா?" என்று நகைத்தோம்.

அவன் பொறுமையாக விளக்கினான். நண்பகல் வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். அறை ஒளியோ சில நூறு லக்ஸ். அது வீட்டுக்கு விளக்கேற்றப் போதாது; வெப்பத்தையும் ஈரத்தையும் அளக்கும் சிறு கருவிகளுக்குப் போதும். எப்படியும் சுவரில் விழுந்து வீணாகும் ஒளி, மின்கலம் மாற்றும் தேவையைக் குறைக்கும். எல்.இ.டி. விளக்கில் வெயிலைப் போல் அகச்சிவப்பு இல்லை. ஆதலின் வெயிலுக்கு உகந்த கலவை அறைக்கு உகந்ததன்று. கலவையில் ஒரு பொருள் எலக்ட்ரானைக் கொடுக்கும், மற்றொன்று ஏற்கும். ஒளிபட்டு எழும் கிளர்ச்சி பத்து நானோமீட்டர் அளவே நகர வல்லது. அதற்குள் மற்றப் பொருளைச் சேராவிடில் அது வீணே அணைந்துபோம். எனவே இரண்டும் அத்துணை நுண்மையாகக் கலந்திருக்கவேண்டும். எனினும் மின்னோட்டம் வெளியேற ஒவ்வொன்றுக்கும் தொடர்ந்த வழியும் வேண்டும். 2019-இல் சீன ஆய்வாளர் 1,000 லக்ஸ் ஒளியில் 26 விழுக்காட்டுத் திறனை எட்டியதையும் சொன்னான்.

"வெயிலில் பொருட்படுத்தாத சிறு கசிவும், மங்கிய ஒளியில் பிறக்கும் மின்னோட்டத்தை விழுங்கிவிடும், சாமி" என்று முடித்தான். நாம் கடிகாரத்தைப் பார்த்தோம்.

அடுத்த வாரமே அவன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான் என்று அறிந்தோம். ஓராண்டு கழித்து, கணக்கெழுதுகையில் நம் கை அந்தக் கறுப்புச் சில்லை மறைத்தது. எண்கள் மங்கி அழிந்தன. அன்று மாலையே அவன் வீட்டுக்கு நடந்தோம்.

"நீங்க சிரிச்சதைத்தான் சாமி நான் பதிலா எடுத்துக்கிட்டேன்" என்றார் தந்தை. அவரிடம் மன்னிப்புக் கேட்டோம், மகனுக்கும் எழுதினோம்.

இவ்வாண்டு அவன் ஆய்வுக்கு விண்ணப்பித்திருக்கிறான். முடிவு இன்னும் வரவில்லை. அன்பர்களே, சிறு ஒளியோடு நம் வாசலுக்கு வருவோரிடம் நாம் நகைக்கும் ஒரு நகைப்பு எத்துணை பெரிய கசிவு!