வெள்ளையடிப்பு

திருநெல்வேலி டவுனில் எங்கள் ஆச்சி வீட்டுப் பட்டாசல் என்கிற கூடத்துக்குச் சுவர் என்று ஒன்று இருப்பதே பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறபோதுதான் தெரியும். மற்ற நாளெல்லாம் படங்கள். ஜிகினா ஒட்டிய லட்சுமி, மயில்மேல் முருகன், சந்தனமாலை போட்ட தாத்தா, யாருக்குக் கல்யாணம் என்றே மறந்துபோன குரூப் போட்டோ, சாமி படத்தைக் குப்பையில் போடக்கூடாதென்று வருஷம் முடிந்தும் ஆணியிலேயே தங்கிவிட்ட சிவகாசி காலண்டர்கள். சன்னல் கம்பியில் சீப்பு, கொடியில் துண்டு, மாடக்குழியில் விபூதியோடு சாவிக்கொத்தும் ஒற்றைக் கம்மலும். இதற்கு நடுவே உட்கார்ந்து வாய்ப்பாடு படி என்றால், ஏழாம் வாய்ப்பாட்டுக்குள் முருகனும் சீப்பும் சேர்ந்து வந்து நிற்பார்கள். நெற்றிப் பொட்டு வலிக்கும். கண்ணை மூடிக்கொண்டு படிப்பேன். "தூங்குதான் பாரு" என்று மாமா குட்டுவார்.

கண் டாக்டர் பார்வையில் குறையில்லை என்றார். சரிதான். ஓரக்கண்ணில் விழுகிற ஒற்றை எழுத்தை யாரும் படித்துவிடலாம்; அதற்கு இரண்டு பக்கமும் வேறு எழுத்துகளை நட்டுவிட்டால் குழம்பிப்போகும், அந்த நெரிசல் மூளைக்குள் நடப்பது என்று வளர்ந்தபிறகு படித்தேன். எல்லாருக்கும் உள்ளதுதானாம். எனக்குக் கொஞ்சம் தாராளமாக அளந்துவிட்டார்கள் போல.

அதனால் எனக்குப் பொங்கலைவிட வெள்ளையடிப்புதான் பெரிய பண்டிகை. படங்களெல்லாம் இறங்கி பட்டாசலுக்கு வெளியே சாய்ந்து நிற்கும். சுட்ட கிளிஞ்சலைத் தகர டிரம்மில் கொட்டித் தண்ணீர் ஊற்றினால் அடுப்பே இல்லாமல் குபுகுபுவென்று கொதிக்கிற சத்தமும், மூக்கைக் கிள்ளுகிற சூட்டு வாடையும், நீலம் கலக்கிறவரின் வெந்த விரல்களும், தாழை விழுதைத் தட்டிச் செய்த மட்டை சுவரில் ஏறி இறங்குகிற சரசரப்புமாக வீடு வேறு வீடாகிவிடும். பூசினவுடன் வெறும் ஈரம்தான் தெரியும், ஏமாற்றிவிட்டார்களோ என்றிருக்கும். காயக் காயத்தான் வெள்ளை எழும்பும். அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவேன்.

"என்னய்யா பாக்கே?" அடுக்களையிலிருந்து ஆச்சி.

"ஒண்ணுமில்ல ஆச்சி."

"ஒண்ணுமில்லாததையா இம்புட்டு நேரம் பாக்கே?"

ஒரு வருஷம் படங்களைத் திருப்பி மாட்டும்போது மேலச் சுவரைக் காட்டி, "அதுல ஒண்ணும் மாட்டாதல. பிள்ள படிக்கட்டும்" என்றாள் மாமாவிடம். வருகிறவர்களெல்லாம் சுவர் ஏன் மூளியாக இருக்கிறது என்று கேட்டார்கள். ஆணி இறங்கவில்லை, ஓதம் ஏறுகிறது, படத்துக்குக் கண்ணாடி போடக் கொடுத்திருக்கிறது என்று ஆளுக்கொரு காரணம் சொன்னாளே தவிர, என் பேரை எடுக்கவில்லை.

இப்போதும் என் மேசை சுவரைப் பார்த்துத்தான் இருக்கிறது. பலசரக்குக் கடையில் சரம்சரமாகத் தொங்குகிற ஷாம்பு பாக்கெட்டுகளை நிமிர்ந்து பார்க்காமல், கையிலிருக்கிற சீட்டை வாசித்துவிட்டு வந்துவிடுவேன். வீட்டில் அலமாரிக்கெல்லாம் கதவு போட்டாயிற்று. கதவுக்குப் பின்னால் என்ன நிலைமை என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.