பீலியின் வழியே ஒரு பந்து

இல்ல விளையாட்டுப் போட்டி நெருங்குகையில், பெருமூளை வாதமுள்ள மாணவனுக்கு நமது பாடசாலைகள் தவறாமல் ஒரு பங்கை ஒதுக்குகின்றன: நிழலில் அமர்ந்து கைதட்டுவது. இதற்கு அனுதாபம் என்று பெயரும் சூட்டியிருக்கிறோம்.

எல்கடுவைத் தேயிலை மலையில் வாழும் என் மாணவன் ஒருவனுக்கு வயது பதினைந்து. லயத்திலிருந்து தெருவுக்கு வரக் கற்படிகள் ஏறவேண்டும். சிறுவனாயிருந்தபோது தாய் இடுப்பில் சுமந்தாள். இனி அவளால் இயலாது. அவன் சொந்தக் காலை நம்பவேண்டிய இந்த வயதிலேயே அக்கால் தளர்கிறது. மூளையில் நேர்ந்த சேதம் பெருகுவதில்லை. ஆயின் எலும்பு விரைந்து நீள்கிறது, இறுகிய தசையோ அதற்கு ஈடுகொடுப்பதில்லை. கடும் பயிற்சி இறுக்கத்தை மிகுவிக்கும் என்று வைத்திய உலகமே நெடுங்காலம் அஞ்சியது. 1990களில் வந்த ஆய்வுகள், தக்க பயிற்சியால் பலமே கூடுகிறது, இறுக்கம் கூடுவதில்லை என்று காட்டின. 5 முதல் 17 வயது வரையான மாற்றுத்திறனுடைய பிள்ளைகளுக்கும் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிட உடலியக்கம் வேண்டுமென்கிறது, உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டல்.

போச்சியா என்றோர் ஆட்டம் உண்டு. 1984 முதல் பாராலிம்பிக்கில் இடம்பெறுவது. வெள்ளைப் பந்தொன்றை முதலில் எறிவர்; சிவப்பு ஆறு, நீலம் ஆறு; அமர்ந்தபடி எறிந்து வெள்ளைக்கு அண்மையில் சேர்ப்பதே ஆட்டம். பழந்துணியில் மணல் பொதிந்து பந்து தைத்தோம். மண்டபத் தரையில் சுண்ணக்கட்டியால் கோடிட்டோம். முதல் நாள் முடிவில் பையன் தோளைத் தடவியவாறு, "வலிக்குது சேர்" என்றான். முகத்தில் அப்படியொரு பெருமிதம்!

கையால் எறிய இயலாத பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தியும் வந்தாள். அத்தகையோர் சாய்தளத்தில் பந்தை உருட்டலாம். தளத்தைப் பிடிக்கும் உதவியாளர் களத்துக்கு முதுகு காட்டியே அமரவேண்டும் என்பது விதி. மூங்கிலைப் பிளந்து பீலி செய்தோம். அக்காள் பிடித்தாள். "இடது பக்கம்... இன்னும் கொஞ்சம்... திரும்பிப் பாக்காத!" உண்பதும் உடுப்பதும் பிறர் சொற்படியே நடந்த அச்சிறுமியின் வாயிலிருந்து கட்டளைகள் பிறந்தன. அக்காள் இரண்டுமுறை திரும்பிப் பார்த்துத் திட்டு வாங்கினாள்.

பாடசாலை விளையாட்டுகளில் இப்பிள்ளைகளுக்குச் சமவாய்ப்பு வேண்டுமென்று கூறும் ஐ.நா. உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்றது. ஏட்டில் நல்ல வாசகந்தான். பையனின் தாய் கேட்டது வேறு: "வெளையாடட்டும் சேர். பிந்தி வர்ற நாளு, மழைப்படியில விழுந்துட்டா யாரு பாக்குறது?" இதை அறியாமை என்பார் தோட்டக் கணக்கை அறியாதவர். மாத்தளைக்கு வைத்தியம் பார்க்கப் போய்வந்தால் ஒரு நாள் பேர் போய்விடும். படிக்குக் கைபிடிக் கம்பி கேட்டு அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் தானே பேசுவதாக அவள் சொல்லியிருக்கிறாள். அளவெடுத்துத் தரும் வேலை என்னுடையது.